துணிக் கவ்விகள்

ரெலாவ் திடலின் சாமான் அறைக் கதவுக்குள்
நைலான் கயிறு ஐந்து வரி.
உச்சி வரிக்கு மாநிலம் என்று பேர்.
அதில் இதுவரை யாரும் தொங்கியதில்லை,
ஒரு பல்லியைத் தவிர.

அடியில் பத்து வயதுக்காரிகள்.
மேலே பதினைந்து.
அப்புறம் இரண்டாம் அணி, முதல் அணி.
துணி காயப்போடும் கவ்விகளில்
மார்க்கர் மையால் எங்கள் பெயர்கள்.
பயிற்றுநர் ஹஜார் இதை வளர்ச்சிப் பாதை என்கிறார்.
யோகமலர், கொடி என்கிறாள்.
எந்தக் கொடி என்று கேட்டால்
ரெண்டும்தான் என்கிறாள்.

எனக்கு அந்தக் கீழ்வரிகள் தெரியாது.
இருபத்தேழு வயதில், ஒரு பிரசவத்துக்குப் பிறகு,
பாயான் லெப்பாஸ் ஆலையின் விளையாட்டு நாளில்
செருப்பில்லாமல் ஓடியவளைக் கூப்பிட்டு
நேராக மூன்றாம் வரியில் மாட்டினார்.
பந்தை நெஞ்சில் வாங்கலாம் என்பதே
அந்த வாரம்தான் தெரியும்.
வீட்டில் கண்ணாடி முன் நின்று பார்த்தேன்:
பால் கட்டியிருந்த இடத்தில்
பந்தின் தையல் பதிந்திருந்தது.

இன்று செவ்வாய். மழை விட்டும் விடாமலும்.
விளக்குக்கு மணிக்கு நாற்பது வெள்ளி;
சுளுக்கிக்கொள்ளக்கூட நேரமில்லை.
பயிற்சி ஆட்டத்தில் எனக்கு எதிரே தர்ஷாயினி.
பதினாறு வயது, பல்லில் கம்பி,
ஒவ்வொரு வரியாக ஏறி வந்தவள்.
உள்ளே வருவதுபோல் தோளைக் காட்டினாள்.
நான் தோளை நம்பினேன்.
பந்து என் கால்களுக்கிடையில் போயிற்று.
அவள் சுற்றிக்கொண்டு வந்து
அந்தப் பக்கம் அதைச் சந்தித்தாள்,
பஸ் நிலையத்தில் தங்கையை அழைத்துப்போக
வந்தவள் போல.
ஹுய் மின் கோல் கம்பத்தில் சாய்ந்து சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
மறுபடி அதையே செய்தாள்.
அப்போது சிரிக்கவில்லை.

கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது
ஹஜார் என்னருகே வந்தார்,
விசிலைச் சட்டையில் துடைத்தபடி.
"ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு..." என்று தொடங்கி
மழையைப் பற்றிப் பேசினார்.

நானே போனேன்.
என் கவ்வியை முதல் அணியிலிருந்து கழற்றினேன்.
நான்கு வருஷம் அசையாத கவ்வி,
வில் துருவேறி இறுகியிருந்தது.
உள்பக்கத்தில், சுரண்டியும் போகாமல்,
வேறொரு பெயர்: மெய் ஃபோங்.
நான் பார்த்தே இராத யாரோ.
எங்கே போனாள்?
கல்யாணமா, சிங்கப்பூரா,
முட்டியா, முதலாளியா?
ஐந்து வரியிலும் அதற்கு ஒரு வரி இல்லை.

பின்னால் தர்ஷாயினி, கையில் தன் கவ்வியோடு.
"எங்கக்கா மாட்டுறது?"
நான் இடம் காட்டவில்லை. கயிறு நீளம்தானே.
அவள் சரியாக அங்கேயே மாட்டினாள்.
அழுக்கேறிய கயிற்றில்
அந்த ஒரு விரற்கடைதான் வெள்ளையாக இருந்தது.

"வலது காலை ஊன்ற யோசிக்கிறீங்கக்கா.
அதான் அந்தப் பக்கமே வந்தேன்."
மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லை.
கிளினிக்கில்கூட நான் சொல்லாத கணுக்கால்.

பத்தே முக்காலுக்கு ஆலை வாசல், இரவு ஷிப்டு.
காவலாளி பையைத் திறந்தார்:
ஈரக் காலுறை, சேறு பிடித்த பூட்ஸ்,
ஒரு துணிக் கவ்வி.
"இது எதுக்கு?"
அப்போதுதான் பார்த்தேன்.
இரண்டாம் அணியில் மாட்டாமலே
கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.
துணிக்குத்தான் என்றேன்.

தூசி புகாத அறைக்குப் போகும் முன்
லாக்கர் கதவின் விளிம்பில்
காலுறை இரண்டையும் சேர்த்துக் கவ்வவிட்டேன்.
எந்தப் பெயர் வெளியே தெரிந்தது என்று பார்க்கவில்லை.
காலை ஏழுக்குள் காயாது.
வியாழக்கிழமைக்குள் காயும்.